ட்ரிப் ஷீட்

வண்டி எண். புறப்பட்ட நேரம். டீசல். கிலோமீட்டர்.
பார்த்த பிள்ளைகள்.
இவ்வளவுதான் கட்டம்.
பார்க்காத பிள்ளைகளுக்கு ஒரு கட்டம்
அச்சடித்தவன் போடவில்லை.

பாளையிலிருந்து முக்கூடல் பக்கம்
மாசம் ஒரு தடவை போகிற பல் வண்டிக்கு
நான் டிரைவர்.
கரண்டு போனால்
டாக்டர் பியூலாவுக்கு டார்ச் பிடிக்கிறதும் நான்தான்.

ஊர் விலக்கில் நிறுத்துவோம்.
உள்ளே பாலம் ஒடுக்கம், வண்டி அகலம் என்று
யாரோ எப்பவோ எழுதிவைத்தது.
விலக்கிலிருந்து ஊர் மூணு கிலோமீட்டர்.
பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாத பஸ்தான்.
டிக்கெட்டும் இல்லை, பஸ்ஸும் இல்லை,
காலையில் ஒண்ணு, பொழுது சாய ஒண்ணு.
இடுப்பில் பிள்ளையோடு நடந்து வந்தால்
முந்நூறு பீடி போச்சு
என்று கணக்குச் சொல்வாள் ஒருத்தி.
கணக்குத்தான். கோபம் இல்லை.

ஏறின பிள்ளை வாயைத் திறக்காது.
நான் பால்வாடிப் பாடத்தை எடுத்து விடுவேன்.
ஆ என்றால் கடைவாய் தெரியும்.
ஈ என்றால் முன்வரிசை.
ஊ என்றால் துப்பலாம்.
எங்கள் வைத்தியத்துக்கு உயிரெழுத்து மூணு போதும்.
பூசுகிற மருந்துக்குப் பேர் வார்னிஷ்.
லாரிக் கதவுக்கு வார்னிஷ் அடிச்ச கை இது,
எனக்குச் சிரிப்பாணி வரும்.

அன்றைக்கு நாற்பது டோக்கனோடு
ஜெனரேட்டர் இருமி நின்றது.
நாற்பத்தொண்ணாவதாக வந்தது ஆவுடைதர்ஷினி.
நாலு வயசு. ஒருபக்கக் கன்னம் பணியாரம்.
உன் பேரே ஆ-தானே தாயி, காட்டு என்றேன்.
உதட்டை உள்ளே மடித்துக்கொண்டது.
மூச்சில் புகையிலை வாடை.

ராத்திரி பூரா அழுகை, என்ன செய்ய,
முறத்தில் கிடந்த தூளில் ஒரு சிட்டிகை
பல்லுக்குள்ள வச்சு அமுக்கினேன்
என்றாள் அம்மாக்காரி செல்லக்கிளி.
"பால் பல்லுதான, விழுந்திரும்லா?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
"விழும்மா. ஆறேழு வருஷம் ஆகும்.
அதுவரைக்கும் எதை வச்சுச் சாப்பிடும்?"
வலிக்கு மருந்து கொடுத்து
ஹைகிரவுண்டுக்குச் சீட்டு எழுதினார், நாளைக்கே போ என்று.
சீட்டு நாலாக மடிந்து
மடியில் செருகப்பட்டதைப்
பின்கண்ணாடியில் பார்த்தேன்.

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள்.
கிழடு தட்டினவர்களைப் பற்றிய பேச்சு அது.
சொல்லே இன்னும் முழுசாக வந்துசேராத வாயை
யாரும் நினைக்கவில்லை.

அடுத்த மாசம் விலக்கில் நான் நிறுத்தவில்லை.
"எங்க போறீங்க?" என்றார் டாக்டர்.
பாலத்தில் இறங்கிச் சாண் போட்டு அளந்தேன்.
ரெண்டு பக்கமும் முக்கால் சாண் மிச்சம்.
கண்ணாடிகளை மடக்கினேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டது
வண்டியா நானா, தெரியாது.

அங்கன்வாடிச் சுவரோரம் நிறுத்தியதும்
முறத்தோடு வந்து உட்கார்ந்தார்கள்.
இலை சுருட்டுகிற கை நிற்கவில்லை.
பேர் கூப்பிட்டால் பிள்ளை மட்டும் எழுந்து வந்தது.
விலக்குக்கு ஒருநாளும் வராத முகங்கள்,
ஐம்பத்தாறு.

ஆவுடை ஹைகிரவுண்டு போயிருக்கவில்லை.
சீட்டு மட்டும் பத்திரமாக இருந்தது,
ரேஷன் கார்டுக்குள்.
டாக்டர் ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.
நான் டார்ச் அடித்தேன்.
கரண்டு இருந்தது, இருந்தாலும் அடித்தேன்.
ஆ, என்றேன்.
என்ன நினைத்ததோ, திறந்தது.
அவ்வளவு பெரிய ஆ
எந்தப் பலகையிலும் எழுதிப் பார்த்ததில்லை நான்.

இறங்கும்போது பேர் கேட்டேன்.
உதடு மரத்திருந்தது.
ஆ மட்டும் வந்தது.
மீதிப் பேர் சாயங்காலத்துக்குள் வந்திரும்
என்றார் டாக்டர்.

திரும்பி வந்து ஷீட்டை நிரப்பினேன்.
கட்டங்களுக்குக் கீழே
இடம் கொஞ்சம் வெள்ளையாகக் கிடந்தது.
எழுதினேன்:
பாலம் ஒடுக்கம்.
வண்டி போகும்.